வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகச் சொன்னார்கள்

மதுரையில் படித்துக்கொண்டிருந்த என் மகள் பெட்டி, வாளி, சுருட்டிய பாய் எல்லாவற்றோடும் போடி பஸ்ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். லீவுக்கு வருகிறவள் ஒரு பையோடுதான் வருவாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. பிள்ளை வந்த சந்தோசம் வேறு.

அந்தச் சந்தோசத்தில் ஒரு தப்புச் செய்தேன். மலைக்குப் போகிற ஜீப்பில், "பிள்ளை வந்திருக்கா" என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். மேலே அவருக்கு ஏலத்தோட்டம். மறுநாளே பதில் வந்தது: "வெள்ளிக்கிழமை பூ வைக்க வர்றேன்."

அண்ணன் மகனுக்கு அவள் முறைப்பெண். தாய்மாமன் வந்து தலையில் பூ வைத்துவிட்டால் கல்யாணம் உறுதி. வீட்டுக்காரர் தவறினபின் எங்களைத் தாங்கினவரும் அவர்தான். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். நல்லவரை என்ன செய்வது?

அந்த வாரம் மேற்கே மலையே தெரியவில்லை. மேகம் அடிவாரம்வரை இறங்கி நின்றது. ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிற சோலி எனக்கு. மகளும் கூட வந்து உட்கார்ந்தாள். எதிரே இருந்தவள் சும்மா இருக்காமல், "ஏத்தா, நீ படிக்கிற கம்ப்யூட்டரு காய் பொறுக்குமா?" என்று கேட்டாள்.

"பொறுக்கும் அத்தே. உங்கள மாதிரி நடுவுல வெத்தல போடாது."

எல்லோரும் சிரித்தார்கள். தெருவில் ஜீப்புச் சத்தம் கேட்டது. மகளின் கை அப்படியே நின்றது. வேறு யாரோ ஜீப்பு. போய்விட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது அவளே சொன்னாள்.

"மொத வருசம் ஆறு பொண்ணுக இருந்தோம்மா. ரெண்டு பேருக்குக் கல்யாணம். ரெண்டு பேரு வேற பாடத்துக்குப் போயிட்டாக. போன மாசம் ஒருத்தி நின்னுட்டா. இப்ப நான் மட்டுந்தான். மிசினு நாலுதான். பயலுக மொதல்ல உக்காந்துக்குவாங்ய. எனக்கு முறை வரங்குள்ள ஆஸ்டல் கேட்டைப் பூட்டிருவாக. 'நீ எப்பக் கல்யாணப் பத்திரிகை தரப்போற'ன்னு தெனமும் கேக்குறாங்ய."

"வாத்தியார்ட்ட சொன்னியா?"

"சொன்னா, கூட ஆள் இருந்தா லேட்டாப் போலாம்ங்கிறாரு. எனக்கு யாரு இருக்கா? திங்கக்கிழமைக்குள்ள போகலைன்னா பேரை அடிச்சிருவாக. அடிக்கட்டும்மா. மாமா வர்றதும் நல்லதுக்குத்தான்."

எண்பதுகளில் அந்தப் படிப்பே புதுசு. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒற்றையாக உட்காருவது தெரியும். அஞ்சாங்கிளாசில் என்னோடு படித்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியாய் நின்று, பெஞ்சில் நான் மட்டும் மிஞ்சினேன். என்னை யாரும் நிறுத்தவில்லை. வெட்கப்பட்டு நானாகத்தான் நின்றேன். ஏன் வரலை என்று ஒருத்தரும் வந்து கேட்கவில்லை.

"வியாழக்கிழமை மொத பஸ்ஸுக்குப் போறோம்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை மாமா வருவாரேம்மா?"

"வரட்டும்."

மதுரைக் காலேஜில் கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப்போட வேண்டும். ஆம்பளைச் செருப்பாகவே கிடந்தது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பையன்கள் என்னைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு மிசின் கிடைத்தது. கிளம்பும்போது, "சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேன், நீ முறையை விட்டுக் குடுக்காத" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பு வாசலில் நின்றது. அண்ணன் கையில் தட்டு. சேலை, பழம், மல்லிகைப்பூ.

"எங்கத்தா பிள்ளை?"

"படிக்க அனுப்பிட்டேண்ணே."

"ஜீப்பை விட்டுக் கூட்டியாரச் சொல்லவா?"

"வேணாம்ணே. அவ அங்கதான் இருக்கணும்."

அவர் என்னையே பார்த்தார். "யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லண்ணே. நாந்தான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தட்டைத் துண்டால் மூடினார். "இனி இந்தப் பக்கம் எனக்குச் சோலி இல்ல" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

மகள் படிப்பை முடித்தாள், வேலைக்கும் போனாள். பிறகு அவள் கல்யாணத்தில், சடங்குக்குத் தாய்மாமன் வரட்டும் என்று ஐயர் கூப்பிட்டார். நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயர் இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்.