நாஷ்டா என்கிற வார்த்தை

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று கொழுந்தனார் விட்டுப்போனது. ஐந்து பேரும் யார் வாசலிலும் போய் நிற்காமல் பிழைக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை வாசலில் என் வீட்டுக்காரர் 'நாஷ்டா கடை' என்று பலகை மாட்டியிருந்தார். காலை ஷிப்டுக்காரர்கள் இட்லி தின்று உள்ளே போன பிறகுதான் அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். அதுவரை நானும் தொடமாட்டேன்.

அவர் மவுத்தானதும் இத்தா இருந்தேன். புருஷன் போனால் குறித்த நாள் முடியும்வரை மனைவி வாசல் தாண்டாமல் இருப்பது எங்கள் வழக்கம். அழுகை வரவில்லை. காலையில் பசியும் வரவில்லை. ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மருமகள் ஆம்பூர்க்காரி, உருது பேசி வளர்ந்தவள், காலேஜ் படித்தவள். "சும்மா குந்திக்கினு இன்னா பண்ணப் போறீங்க மாமி? எழுதக் கத்துக்குங்க" என்று ஸ்லேட்டைக் கொண்டுவந்தாள். தினம் வாயில் வரும் வார்த்தைகளை எழுதவைத்து, எங்கிருந்து வந்தன என்றும் சொல்வாள்.

"சாவி, ஜன்னல், ரெண்டுமே போர்ச்சுகீசுக்காரன் கப்பல்ல வந்தது மாமி."

"அப்போ எங்க பழவேற்காட்லதான் எறங்கியிருப்பான். வந்ததும் வராததுமா எங்க ஊட்டப் பூட்டிட்டானா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தா என்றால் அரபியில் எண்ணுவது என்றாள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மூடிக் கிடந்த கடையைத் திறக்க மகன் முடிவு செய்தான். "பலகைய மாத்திடலாம் உம்மா. டிபன் சென்டர்னு போட்டாதான் நாலு பேரு வருவான்."

"உன் இஷ்டம்" என்றேன். எனக்கு எல்லாம் ஒன்றுதான். பெயிண்ட்கூட வாங்கிவிட்டான்.

அன்று மத்தியானம் மருமகள் ஸ்லேட்டில் நாஷ்டா என்று எழுதினாள். "இது பாரசீக வார்த்தை மாமி. காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்புடாம இருக்கறதுன்னுதான் மொதல்ல அர்த்தம். அப்பறம்தான் சாப்பாட்டுக்கே பேராயிடுச்சு."

ஸ்லேட்டையே பார்த்தேன். அத்தனை வருஷமும் அந்தப் பலகைக்குக் கீழே அவர் அப்படித்தான் நின்றார். இங்கே நானும்.

மகனைக் கூப்பிட்டேன். "பலகையத் தொடாத."

"பேருதானே உம்மா, அதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

"அதுல உங்க வாப்பாவ எழுதி வெச்சிருக்குது."

மருமகள் அவனிடம் விளங்கச் சொன்னாள். அந்தப் பெயிண்டை வீட்டுக் கதவுக்கு அடித்தான். கடை பழைய பலகையோடு திறந்தது. அன்று ஷிப்டு உள்ளே போகிற சங்கு ஊதும்வரை வீட்டில் எதையும் தொடாமல் இருந்துவிட்டு, மருமகள் வைத்த இட்லியைத் தின்றேன். ருசி தெரியவில்லை. தின்றேன்.

இதை நானே எழுதினேன், யாரும் கை பிடிக்கவில்லை. பேத்தி பக்கத்தில் இருக்கிறாள்.

"கண்ணு, இத்தக் கொஞ்சம் சத்தமாப் படி. நீயா எதையும் திருத்தாத. நாஷ்டான்னு வர்ற எடத்துல மட்டும் மெதுவாப் போ."