தரைக்கு ஓரடி மேலே

"தலைய ஆட்டாதீங்க மச்சான். கைய மடியில வைங்க. கால் தரையில படவே கூடாது" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் தன் மனைவியின் அண்ணனை நாற்காலியோடு தூக்குகிறார். மறுபக்கம் பிடித்திருப்பது மனைவி. கூடத்திலிருந்து சாப்பாட்டு மேசைவரை இப்படியே ஊர்வலம். அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிற யாரும் சொந்தக் காலில் நடந்துபோய்ச் சாப்பிட்டதில்லை. மச்சான் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். அவர் வருவதே வருஷத்துக்கு ஒரு தடவைதான். காரணம் கேட்டால் வேலை அதிகம் என்பார். "சாப்பாடு ஆறுதுங்க" என்று மனைவி முனகினாலும் நடையில் வேகம் கூடாது. குலுங்கினால் ஆளுக்கு வாந்தி வந்துவிடுமாம்.

விண்வெளியிலிருந்து திரும்புகிறவர்களைக் கலத்திலிருந்து வெளியே எடுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, மருத்துவக் கூடாரம்வரை தூக்கிச் செல்லும் குழுவுக்கு இந்த வீட்டுக்காரர்தான் தலைவர். அலுவலகப் பதிவில் வாய் வலிக்கும் நீளத்தில் ஒரு பதவிப்பெயர் இருக்கிறது. எல்லோரும் கூப்பிடுவது 'நாற்காலியார்'. கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம்போல் வாங்கி வைத்துக்கொண்டார்.

பத்திரமாகத் திரும்புவதற்கு யார் காரணம் என்பதில் அந்த அலுவலகத்தில் ஒருநாளும் ஒற்றுமை கிடையாது. நாங்கள் இல்லாவிட்டால் காற்று உரசிய சூட்டில் கலமே கருகியிருக்கும் என்பார்கள் வெப்பக்கவசப் பிரிவினர். எங்கள் பாராசூட் விரியாவிட்டால் உங்கள் கவசம் கல்லாக வந்து விழும் என்பார்கள் அடுத்த மேசையில். தரையைத் தொடும் தருணத்தில் வேகத்தைக் குறைக்கும் சின்ன எஞ்சின்காரர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார்கள். நாற்காலியார் தேநீரை ஊதிக் குடித்து முடித்துவிட்டு, "எல்லாரும் தரைவரைக்கும் கொண்டுவந்துட்டீங்க. அங்கேருந்து?" என்பார். மாதக்கணக்கில் எடையில்லாமல் மிதந்தவர் எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டும். தலையைத் திருப்பினால் உலகமே கவிழும். இதை அவர் சொல்லத் தொடங்கினால் கோப்பைகள் வேகமாகக் காலியாகும்.

தற்பெருமைக்கும் குறைவில்லை. "நேத்து ஒருத்தர விண்வெளியிலேருந்து எறக்கினேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார். கேட்டவர் இவர்தான் கலத்தை ஓட்டினார் என்று வாய் பிளந்தால், திருத்துகிற வழக்கம் இல்லை.

போன தடவை ஒரு வீராங்கனை திரும்பினார். வரவேற்கத் துறை அமைச்சரே அந்தப் பொட்டல்வெளிக்கு வந்துவிட்டார். கலம் தரையில் கரிப்பானைபோல் சாய்ந்து கிடந்தது. காமிராக்கள் தயாராக இருந்தன. கொஞ்ச தூரத்தில், நீல மெத்தை போட்ட நாற்காலி ஆளில்லாமல் இருந்தது. ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்பது அமைச்சருக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அலுவலக இயக்குநர் பாராசூட் துணியின் நேர்த்தியை ஆராயப் போய்விட்டார். நாற்காலியார்தான் குனிந்து, அது வருகிறவருக்கான நாற்காலி என்று சொன்னார்.

"அவங்க நடந்து வரட்டுமே. நாடே பாக்குது" என்றார் அமைச்சர்.

"நடந்தா விழுந்துடுவாங்கய்யா."

"வீரர்கள் விழமாட்டாங்க."

அமைச்சரின் உதவியாளர் முறைத்தார். அந்த நேரம் கலத்தின் கதவு திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்த மருத்துவர், வாந்தி எடுத்திருக்கிறார், நாடி தளர்ந்திருக்கிறது, உடனே நாற்காலி வேண்டும் என்று குரல் கொடுத்தார். நாற்காலியாருக்கு ஓய்வு பெற இன்னும் காலம் இருந்தது. வீட்டுக்கடன் அதைவிட அதிகக் காலம் இருந்தது. அமைச்சரை எழுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. தூக்க அதிகாரம் இருந்தது. தன் ஆட்கள் நால்வரையும் பார்த்துத் தலையசைத்தார்.

"தலைய ஆட்டாதீங்கய்யா. கைய மடியில வைங்க."

நாற்காலி எழும்பியது. அமைச்சர் திடுக்கிட்டார், பிறகு இதுவும் வரவேற்பில் ஒரு பகுதி என்று முடிவு செய்து, இரண்டு பக்கமும் கைகூப்பிக்கொண்டே போனார். கூட்டம் கைதட்டியது. கூடாரத்தில் வழக்கப்படி கட்டிலுக்கு மாற்றினார்கள். அங்கிருந்த செவிலியர், வந்தவர் யாரென்று பார்ப்பதற்குள் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிவிட்டார். நால்வரும் காலி நாற்காலியோடு திரும்பி ஓடினார்கள்.

மறுநாள் பத்திரிகைகளில் விண்வெளியிலிருந்து வந்தவரைவிட அமைச்சர் பெரிதாக இருந்தார். அலுவலகம் நாற்காலியாரிடம் விளக்கம் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைத் தூக்குவதே எனக்கு இடப்பட்ட பணி என்று ஒரே வரியில் பதில் எழுதினார். வருகிற முறை நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டவேண்டும் என்று மட்டும் உத்தரவு வந்தது.

அதெல்லாம் பிற்பாடு. அன்று வெயிலில், கருகிய உலோக நெடிக்கு நடுவில், வீராங்கனையை மெல்ல வெளியே இறக்கி உட்காரவைத்தார்கள். முகம் வெளுத்து, உதடு உலர்ந்திருந்தது. காமிராக்களைப் பார்த்ததும் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. தானே நடந்துவிடுவதாகச் சொல்லி, காலைக் கீழே ஊன்றப் பார்த்தார்.

"நடப்பீங்கம்மா. நாளைக்கு" என்றார் நாற்காலியார்.

நால்வர் தூக்கினார்கள். பக்கத்திலேயே நாற்காலியார், வீராங்கனையின் பிடரிக்குப் பின்னால் ஒரு கையை அணையாகக் கொடுத்து நடந்தார். கண்ணை மூடியபடி அந்தப் பெண், "மேல யாரோ ஏறி உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"வேற யாருமில்லம்மா. உங்க எடைதான்."

வெளுத்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. தண்ணீர் கேட்டார். புட்டியை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்க வேண்டியிருந்தது. மேலே இத்தனை மாதமும் செய்துவந்ததைப்போல, புட்டி மிதந்துகொண்டு நிற்கும் என்று காற்றிலேயே விட்டுவிட்டு, கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

நாற்காலியார் நடையை மாற்றவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீராங்கனையின் விரல்கள் விரிவதற்கு முன்பே அவருடைய இன்னொரு உள்ளங்கை புட்டிக்குக் கீழே போயிருந்தது.