ஜின்னுக்கு முகம் தெரியாதா?

அல்சூர் ஏரியில் ஒரு ஜின் இருப்பதாக பெங்களூரு மர்பி டவுனில் யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அதை அங்கே குடிவைத்தவள் நான்தான். மாடி வீட்டுச் சேவல் காலையில் தமிழிலும் மாலையில் கன்னடத்திலும் கூவும் என்று கிளப்பிவிட்டவளும் நான்தான். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் உண்மையையே சொல்லிக்கொடுத்த அலுப்பு. ஓய்வு பெற்றதும் வாயை அவிழ்த்து விட்டுவிட்டேன். சேவலால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. ஜின்னால் வனஜாவின் வேலை போயிற்று.

வனஜா எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆனால் கரும்பலகையில் நான் ஒரு புள்ளி வைக்க மறந்தால் எழுந்து நின்று, "மிஸ், ரெண்டாவது வரியில புள்ளி இல்ல" என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். எனக்குக் கோபம் வரும். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் புள்ளியை வைத்துவிடுவேன்.

வளர்ந்ததும் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கர் வேலைக்குப் போனாள். தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்கும் வேலை. அவளுக்கென்றே யாரோ யோசித்து உண்டாக்கியது போல இருந்தது. அங்கே சூப்பர்வைசராக இருந்த கோவிந்தப்பா, ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டே இருக்க மாட்டார். ஆனால் மனிதர் கவனித்திருக்கிறார். மெஷின் இரைச்சல் குறைவாக இருந்த ஜன்னலோரம் அவளுக்கு மேஜை போட்டார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டதைக் கண்டும் காணாமல் இருந்தார். நாளைக்கு என்ன மாடல் வரும் என்பதை முந்தின நாளே அவளிடம் சொல்லிவிடுவார். பின்னாலிருந்து யாரும் அவள் தோளைத் தட்டக் கூடாது என்று ஓர் அட்டையில் கன்னடத்தில் எழுதி மாட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதை வைத்துக்கொண்டு அவள் பதினான்கு வருடம் லீவு போடாமல் வேலை பார்த்தாள்.

தெரு அவளிடம் கண்ட விசித்திரம் ஒன்றே ஒன்று. சுடிதாரின் மேல்சட்டையைத் திருப்பித்தான் போடுவாள். தையலும் மடிப்பும் வெளியே தெரியும்.

ஒரு நாள் காலை, தண்ணீர் கேன் நிரப்பும் வரிசையில், பக்கத்து வீட்டுக் காந்தா அதைக் கேட்டாள்.

"ஏன் மிஸ், அந்த வனஜாவுக்கு நேரா உடுத்தத் தெரியாதா? இவ ஊரான் துணியில குறை கண்டுபிடிக்கிறாளாம்!"

எனக்கும் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

"மெதுவா பேசுடி. அல்சூர் ஏரியில ஒரு ஜின் இருக்கு. வெள்ளைக்காரன் குதிரை தண்ணி குடிக்க வந்தப்போ வால்ல தொத்திக்கிட்டு வந்தது. இவ சின்னப் பொண்ணா கரையில போறத பாத்து மயங்கிடுச்சு. உடுப்பைத் திருப்பிப் போட்டா அதுக்கு அடையாளம் தெரியாது. நேரா போட்ட அன்னிக்கு அலாக்கா தூக்கிட்டுப் போயிடும்."

"ஐயய்யோ! நெஜமாவா மிஸ்?"

"ஜின்னே எங்கிட்ட சொல்லுச்சு. கொஞ்சம் உருது கலந்த தமிழ்தான், ஆனா புரிஞ்சுது."

வரிசையே சிரித்தது. காந்தாவின் கேன் நிரம்பி வழிந்ததை அவளே கவனிக்கவில்லை. அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.

காந்தாவின் நாத்தனார் அதே கார்மெண்ட்ஸில் தையல்காரி. கதை இரண்டு பஸ் மாறி அங்கே போய்ச் சேர்ந்தது. கோவிந்தப்பா அப்போதுதான் ரிட்டையர் ஆகியிருந்தார். அவர் மாட்டிய அட்டையையும் கழற்றிவிட்டார்கள். முதலில் வனஜாவின் மேஜையில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு ஒருத்தி பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்து, "ஜின் வந்துடுச்சு!" என்று காதுக்குள் கத்தினாள். வனஜா காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். மதியம் வரை அலறல் நிற்கவில்லை.

"பேய் பிடிச்சவள வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா லோடு அனுப்பறது? சரியானதும் வா" என்று புது சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார்.

சரியானதும் வா என்றார் அல்லவா? மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸைப் பிடித்துப் போய் வாசலில் நின்று, "சரியா இருக்கேன்" என்றாள். வாட்ச்மேன் திருப்பி அனுப்பினான். அதற்கு மறுநாளும் போனாள். பதினொரு நாள் போனாள் என்று அவள் அம்மா என்னிடம் சொல்லி அழுதார். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைத் தேற்றி அனுப்பிவிட்டு, அடுத்த நாள் வரிசையில் ஜின்னுக்கு ஒரு தங்கப் பல் கட்டினேன்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். வனஜா வீட்டிலேயே உட்கார்ந்து, கடைக்காரர்கள் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் துணிகளில் பிசிறு வெட்டுகிறாள்.

போன ஜூனில் என் மகள் சிந்து, தன் பெண் ரக்ஷிதாவைப் பள்ளியில் சேர்த்தாள். ஐந்து வயது. யூனிஃபார்மைப் போட்டதும் குழந்தை கத்திய கத்தலில் எதிர்வீட்டார் கதவைத் தட்டினார்கள். தினமும் இதே கதை. கடைசியில் டாக்டரிடம் போனோம். ஆட்டிசம் என்றார்கள். பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி சட்டையை வாங்கித் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்க, இந்தத் தையல் அவளுக்கு முள்ளு மாதிரி. லேபிளை வெட்டிடுங்க. வீட்டுல இருக்கறப்ப எல்லாத்தையும் திருப்பியே போட்டு விடுங்க."

சிந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் சட்டையை வாங்கி, வெளியே தெரிந்த அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குத் திருப்பிப் போட்டு அனுப்ப முடியாதே. மறுநாள் யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு வனஜா வீட்டுக்குப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சட்டையின் உட்புறம் முழுக்கக் கட்டைவிரலால் தடவினாள்.

"மூணு எடத்துல குத்தும். பிரிச்சு, பழைய காட்டன் வெச்சு மூடணும். செய்யறேன்."

போகாமல் நின்றேன். "வனஜா, அந்த ஜின் கதை..."

"நீங்க சொன்னது. தெரியும் மிஸ். அதுல ஒரு தப்பு இருக்கு."

"என்னது?"

"ஜின் என் முகத்தைப் பாத்துத்தானே மயங்குச்சு? துணியைத் திருப்பிப் போட்டா முகம் மாறிடுமா? ஜின்னுக்கு முகம் தெரியாதா?"

"ஏம்மா, அப்பவே வந்து எங்கிட்ட சண்டை போட்டிருக்கலாம் இல்ல?"

"நீங்க எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம் மிஸ். ஏன் திருப்பிப் போடறேன்னு யாருமே கேக்கல. கேட்டிருந்தா, குத்துதுன்னு சொல்லியிருப்பேன்."

குரலில் கோபம் இல்லை. இரண்டாவது வரியில் புள்ளி இல்லை என்று சொன்ன அதே குரல்.

"இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு."

ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "குறையுள்ள பீஸ் எந்த மேஜைக்குப் போச்சோ அங்கயே போய்த் திருப்பி எடுக்கணும். கேன் வரிசையில சொல்லுங்க."

முதலில் கார்மெண்ட்ஸுக்குத்தான் போனேன். அந்தக் கட்டடத்தில் இப்போது யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை காலிக் கேனோடு வரிசையில் நின்று சொன்னேன். ஜின்னும் இல்லை, தங்கப் பல்லும் இல்லை, எல்லாம் என் புளுகு. வனஜாவுக்குத் தையல் உறுத்தும், திடீர்ச் சத்தம் வலிக்கும், அவ்வளவுதான் என்றேன்.

காந்தா இடுப்பில் கை வைத்தாள். "போங்க மிஸ், சும்னே சொல்றீங்க! தையல் குத்துதுன்னா யாராவது மேஜைக்கு அடியில போய் அலறுவாங்களா?"

"ஜின் மிரட்டியிருக்கும்க்கா, வெளிய சொல்லாதேன்னு. மிஸ் மூஞ்சியைப் பாரு, வெளுத்துப் போயிருக்கு" என்றாள் பின்னால் நின்றவள்.

எல்லோரும் சிரித்தார்கள். சேவல் கதையை நம்பிய கூட்டம் அது.

வனஜா பிரித்துத் தைத்த யூனிஃபார்மை ரக்ஷிதா போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் பள்ளிக்குப் போய் வருகிறாள். அதைச் சொல்லப் போனால் வனஜா கேட்பது வேறு.

"இன்னிக்கு எத்தனை பேர் நம்பினாங்க மிஸ்?"

"ஒருத்தரும் இல்லடி."

"நாளைக்கும் சொல்லுங்க."

நேற்றோடு பதினொரு நாள் ஆயிற்று. வீட்டில் இரண்டு கேனும் நிறைந்து கிடக்கின்றன. ஒன்றைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, காலிக் கேனோடு கீழே இறங்குகிறேன். காந்தா இந்நேரம் வரிசைக்கு வந்திருப்பாள்.