நான்கு நாள் வெயில்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மா ஜாதவ்பூரில் ஓர் ஆய்வகத்தில், முனைவர் பட்டத்துக்காக, நிலவேம்பு இலையிலிருந்து ஏதோ ஒரு மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். செடி பூக்கும் சில நாட்களில் பறித்தால்தான் அது கிடைக்குமாம். அதனால் பூஜை விடுமுறைக்கு முன்னால் சாந்த்ராகாச்சி பக்கம் போய் இரண்டு சாக்கு பறித்து வந்து, மொட்டைமாடியை ஒட்டிய படிக்கட்டு அறையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினாள். தினம் ஒருமுறை புரட்டிவிடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். நிழலில்தான் காய வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

முந்தின வாரம்தான், மோர் மிளகாய்த் தட்டை வெயிலுக்கு நகர்த்தவில்லை என்று அவளிடம் திட்டு வாங்கியிருந்தேன். மிளகாய்க்கு ஒரு நியாயம், இலைக்கு ஒரு நியாயமா? ஊறுகாய் பாட்டில்களோடு மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு வங்காளிச் சித்தியிடம், நான் காகிமா என்று கூப்பிடுகிறவரிடம், யோசனை கேட்டேன். வெயில் படாத பண்டம் உருப்படாது என்று அவர் வங்காளத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அம்மா ஆய்வகத்துக்குக் கிளம்பியதும் ஒவ்வொரு தாளாக வெயிலுக்கு இழுப்பேன். அவள் வருவதற்குள் உள்ளே இழுத்துவிடுவேன். ஆச்சரியப்படுத்த வேண்டுமே. நான்கு நாட்கள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் அம்மா ஓர் இலையை எடுத்தாள். அது கையிலேயே பொடிந்தது.

"யாருடி இதை வெயில்ல வச்சது?"

"நான்தாம்மா. நாலு நாளா."

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "கை வலிக்கலியா?" என்றாள்.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். பிறகு கத்தியிருக்கக் கூடாதோ என்று இரண்டு நாள் யோசித்திருப்பேன். என் மகளிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது இதைத்தான் செய்கிறேன்.

மாலையில் அப்பா துறைமுக ஆபீசிலிருந்து வந்ததும் என் சாதனையை நானே சொன்னேன். "பேசாம டாக்டர் பட்டத்தை இவளுக்கே குடுத்துடச் சொல்லு" என்றார். அம்மா சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நானும் பெருமையாகச் சேர்ந்துகொண்டேன்.

அந்த இலையில் அம்மா தேடியது கிடைக்கவே இல்லை. அது தெரிவதற்குள் காட்டில் பூ முடிந்து செடிகள் காய் பிடித்துவிட்டன. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது போன வருடம், அம்மாவின் மாணவி ஒருத்தி சொல்லித்தான். புதிதாகச் சேருகிறவர்களிடம் மேடம் முதல் நாளே தன் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்வாராம்: தானே இலையை வெயிலில் போட்டு ஒரு வருடத்தைக் கோட்டைவிட்ட கதை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டுமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

மறு வருடம் பூ வந்ததும் அம்மா என்னையும் சாந்த்ராகாச்சிக்கு ரயிலில் அழைத்துப்போனாள். போன வருட உதவிக்குப் பரிசு என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். வயிறு நிறைய எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம், கால் ஓயும்வரை ஓடியாடினேன், அவ்வளவு ஆட்டம். திரும்பும்போது மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வருஷமும் வரலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம்டி கண்ணு. இந்தத் தடவையே முடிச்சுடலாம்" என்றாள் அம்மா.

இவ்வளவு நல்ல இடத்துக்கு இன்னொரு முறை வர இவளுக்கு ஏன் மனசில்லை என்று, ஹௌரா வரும்வரை அவளோடு நான் பேசவில்லை.