மஞ்சளைக் குறைத்தவர்

"நேரா நின்னு பாத்தா எந்த டிவியும் நல்லாத்தான் இருக்கும் சார். இப்படி ஓரமா வாங்க" என்று வாடிக்கையாளரின் முழங்கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரோரம் நிறுத்துகிறார். அங்கிருந்து பார்த்தால் மலிவான திரையில் செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் வெளுத்துச் சாம்பலாகிவிடுகிறது. "பாத்தீங்களா? வீட்ல எல்லாருமே நடு சோபாவுலயா உக்காரப்போறாங்க?" கடையில் இவருக்கு 'ஓரம் சார்' என்றே பெயர். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

டிவி விற்கிற வேலையில் இருபத்தெட்டு வருடம். பழசைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற ஆள் இல்லை. "ட்யூப் டிவியா? அதத் தூக்கித்தான் என் இடுப்பே போச்சு. ஆனா எங்க நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி தெரியும், அத ஒத்துக்கணும்" என்பார். எல்.சி.டி. மேல் கொஞ்சம் இளக்காரம். "பின்னாடி லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். முன்னாடி கதவச் சாத்திட்டு இருட்டுன்னு சொல்லுவான். இடுக்கு வழியா வெளிச்சம் வரும்ல?" ஓ.எல்.இ.டி. பக்கம் வந்ததும் குரல் தணிந்துவிடும். "இதுல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைஞ்சா சுத்தமா இருட்டு."

நான் எதிர்வீட்டுக்காரன். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போனபோது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவே ரிமோட்டைக் கேட்டு வாங்கி, அங்கிருந்த டிவியின் நிறத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் தன் பல்லைக் காட்டினார். என் வீட்டு டிவியையும் விட்டுவைக்கவில்லை. "என்ன சார், எல்லாரும் வெந்துபோன மாதிரி இருக்காங்க?" எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் கைவைத்த பிறகு படம் நன்றாக இருந்ததில் இன்னும் எரிச்சல்.

மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் வேலை நிமித்தம் வேறு ஊரில் இருக்கிறாள். ஹாலில் ஒரே ஒரு நாற்காலி. எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஓர் ஓ.எல்.இ.டி., கடையில் காட்சிக்கு வைத்திருந்ததைச் சலுகை விலையில் எடுத்தது. டிவியைக் காட்டி விற்பதற்காகக் கடையில் ஓடவிடுகிற அதே படம்தான் அதிலும் ஓடும். மீன்கள் நீந்தும், பூ விரியும், குடை பிடித்த ஒரு பெண் நடந்து வந்து திரும்பிச் சிரிப்பாள். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை அவளே வருவாள். சத்தம் வைக்கமாட்டார். "வீட்ல யாரோ நடமாடுற மாதிரி இருக்கும் சார், அது போதும்." சாப்பாடு நின்றபடியேதான். ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டு, மேசை எல்லாம் என்பார்.

ஞாயிறு மாலை மகள் வீடியோவில் வருவாள். போனிலிருந்து பெரிய திரைக்கு மாற்றிக்கொள்வார். போன வருடம் ஒரு ஞாயிறு அவள் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. வேறு எந்த அப்பனும் உடம்புக்கு என்னம்மா என்று பதறியிருப்பான். இவர் ரிமோட்டை எடுத்தார். "உன் ரூம் பல்பு சரியில்லடா" என்று சொல்லி மஞ்சளைக் குறைத்தார். "அசதியா இருக்குப்பா" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது, ஆனால் கவனம் படத்தில் இருந்தது. அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் குறைத்தார். மூன்றாவது ஞாயிறு அழைப்பே வரவில்லை. மஞ்சள்காமாலை முற்றி மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

பதினோரு நாள் கழித்து எழுந்து உட்கார்ந்தவள் ஒன்றுதான் சொன்னாளாம். "நீ என்னைப் பாக்கலப்பா. டிவியத்தான் பாத்த."

"பெத்த பொண்ணு மூஞ்சிய நானே அழகா சரிபண்ணி வெச்சுட்டேன் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். பாவி மனுஷன், யாரிடம் போய்ச் சொல்லி அழுவார்?

போன வியாழக்கிழமை மகள் போனில், ரெண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றிருக்கிறாள். ஞாயிறு வரை அவர் தூங்கவே இல்லை. "கூட வந்து உக்காருங்க சார், எனக்குத் தைரியமில்ல" என்று என்னைக் கூப்பிட்டார். மகள் திரையில் வந்தாள். எனக்குத் தெளிவாகத்தான் தெரிந்தாள்.

"நல்லா இருக்கேன்ப்பா. வயிறுதான் சரியில்லாம இருந்துச்சு."

"உன்கூட தங்கியிருக்கற பொண்ணக் கூப்பிடு."

அந்தப் பெண் துவட்டாத தலையோடு வந்து நின்றாள். "சொல்லுங்க அங்கிள்."

"நீ அவள நேர்ல பாக்குறம்மா. மூஞ்சி எப்படி இருக்கு? கண்ணு வெள்ளையா இருக்கா?"

"உங்களுக்கே தெரியுதே அங்கிள்!" என்று சிரித்தாள்.

"எனக்குத் தெரியறத விடும்மா. நீ சொல்லு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, மகளின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "வெள்ளையாத்தான் இருக்கு அங்கிள். மஞ்சள் இல்ல. கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கு. நெத்தியில ஒரு பரு. உதட்டக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா." தாடையிலிருந்து கையை எடுத்தாள். "அழறா அங்கிள்."

நான் திரும்பினேன். சுவர் முழுக்க மகளின் முகம் இருந்தது. அவர் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, அந்தப் பெண்ணின் குரலுக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.