வெள்ளம் வந்தாச்சு

வலியசாலையில் ஒரு வீட்டை பதினோரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். அது முடியும்போது என் மனைவி சொல்வதுதான் முடிவு என்று வாக்குக் கொடுத்திருந்தேன்: திருவனந்தபுரத்தில் இருப்பதா, கொழும்புக்கே திரும்புவதா. எனக்கு எங்கேயும் கால் தரிப்பதில்லை. பிறந்தது இந்த ஊர், இருபது வருஷம் பிழைத்தது அந்த ஊர். இங்கே இருந்தால் அந்தக் கடல், அங்கே இருந்தால் இந்த மழை. நிற்கத் தெரிந்தவள் அவள். நிற்குமிடத்தை அவளே சொல்லட்டும்.

வந்து இறங்கிய மறுநாள் விடிகாலை. இரவெல்லாம் இடவப்பாதிப் பருவமழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் பால் வாங்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி, அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், மதிலுக்கு மேல் தலையை நீட்டி, வீட்டில் தனியாக இருந்த என் மனைவிக்குக் குரல் கொடுத்திருக்கிறார்.

"வெள்ளம் வந்தாச்சு, கேட்டேளோ. வேகமா எடுத்து வெச்சுக்கோங்கோ."

"எங்க இருந்து மாமி வருது?"

"அருவிக்கரையிலேர்ந்துதான். வேறெங்கேர்ந்து வரும்?"

இந்த ஊரில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். வீட்டுக்கு மேல்தொட்டி கிடையாது. அருவிக்கரை அணையிலிருந்து குழாயில் விடிகாலை வருவதைப் பிடித்து வைத்தால் உண்டு. இருபது வருஷத்தில் எத்தனையோ பேசினேன், இந்த ஒரு சொல்லை அவளுக்குச் சொல்லாமல் விட்டேன். அவளுக்குத் தெரிந்த வெள்ளம் வேறு. கொழும்பில் களனி ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் வளர்ந்தவள். அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி, தன் பள்ளிக்கூட நோட்டுக் கொப்பிகள் ஒவ்வொன்றாக மிதந்து போவதைப் பார்த்தவள்.

நான் பாலோடு திரும்பியபோது கட்டிலின் மேல் அரிசிப் பை, அடுப்பு, பெட்டிகள், செருப்புகள். எல்லாவற்றுக்கும் நடுவில், சேலையை முழங்கால்வரை இழுத்துச் செருகிக்கொண்டு, பாஸ்போர்ட் பையை மார்போடு அணைத்தபடி அவள்.

"இஞ்சேருங்கோ, வாசல்ல நிக்காதேங்கோ, ஏறுங்கோ."

பின்னாலேயே மாமி ஒரு காலிக் குடத்தோடு வந்தார். "ஒரு பாத்திரமும் வெச்ச மாதிரி இல்லையேன்னு கொண்டு வந்தேன். இதென்ன, நேத்திக்குத்தானே வந்தேள், அதுக்குள்ள வீட்டைக் காலி பண்றேளா?"

விஷயம் விளங்கியதும் மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு களனி ஆற்றின் கதையைக் கேட்டார். கேட்டதும் சிரிப்பு நின்றது. குடத்தை அவரே நிரப்பி வைத்துவிட்டுப் போனார். நான் கட்டிலை ஒழிக்கப் போனேன். எல்லாவற்றுக்கும் அடியில், அதாவது எல்லாவற்றுக்கும் முதலில் ஏற்றப்பட்டவையாக, என் கவிதை நோட்டுகள் கிடந்தன. யாரும் வாசிக்காத நோட்டுகள்.

அடுத்த நாள் மதிலுக்கு மேல் வந்த சொல் வேறு. "தண்ணி வந்தாச்சு." பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல, ஒவ்வொரு எழுத்தாக. பிறந்ததிலிருந்து நாவில் இருந்த சொல்லை, முந்தாநாள்வரை முகம் தெரியாத ஒருத்திக்காக மாமி மாற்றிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் கணவர் கேட்டார்:

"விடிஞ்சும் விடியாமலும் தண்ணி வந்தாச்சுன்னு கூவறியே, தெருவில போறவா என்ன நெனைப்பா? இங்கே சாராயம் விக்கறதாக்கும்னு நெனைப்பா."

"நெனைச்சா நெனைக்கட்டும். உங்களுக்கு ஒரு குப்பி எடுத்து வெக்கறேன்."

மாதங்கள் போயின. என் மனைவி இரண்டு நாட்டையும் நியாயமாகத்தான் நிறுத்துப் பார்த்தாள். கொழும்பில் காஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற வருஷத்தை அவள் மறைக்கவில்லை. அந்த வரிசையில் முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பெரியவர் தன் பணிஸ் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டியதையும் மறக்கவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ரொட்டி கொண்டு வரும் பாண் வண்டிக்காக இங்கே அவள் காது ஏங்கியது. "அங்க ஒண்டும் இல்லாத நாளிலயும் பைப்பைத் திறந்தா தண்ணி. இஞ்ச கடையில எல்லாம் இருக்கு, பைப்பைத் திறந்தா காத்து" என்றாள். இரண்டு ஏழை நாடுகள். ஒன்றின் குறை மற்றதில் இல்லை, அவ்வளவுதான். இரண்டும் எங்களுக்குச் சோறு போட்டவை.

பதினோராம் மாதம் வந்தது. வீட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன், கேட்கத்தான் பயம். அந்த வாரம் மாமிக்குக் காய்ச்சல். விடிகாலையில் மதில் பேசாமல் கிடந்தது. எங்கள் வீட்டுக் குழாய் இரண்டு முறை இருமியது, செருமியது, பிறகு ஒழுகத் தொடங்கியது. நான் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தால், என் மனைவி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, வெள்ளம் வந்தாச்சு. நீங்க படுத்திருங்கோ, நான் எடுத்து வெக்கிறன்."

உள்ளிருந்து காய்ச்சல் குரல் வந்தது. "தண்ணின்னு சொல்லுடீ."

"வெள்ளம்தான் மாமி" என்றாள் அவள்.

இரண்டு வீட்டுக் குடங்களையும் நிரப்பினாள். கடைசிக் குடம் நிரம்பும்வரை குனிந்தபடியே இருந்தவள், என்னைத் திரும்பிப் பாராமல் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, வீட்டுக்காரருக்குப் போன் எடுங்கோ. மேல ஒரு டாங்க் வைக்கச் சொல்லுங்கோ. பெரிசா."