வெயிலில் கொட்டிய மீன்குஞ்சுகள்

திருத்தங்கல் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மீன் விற்பவள் நான். அணையில் பரிசல் போட்டு வலைவீசும் தம்பி ஒருவரிடம்தான் மீன் எடுப்பேன். அன்று நான் அங்கே போனபோது, மீன்குஞ்சு விடும் விழாவுக்கு வரும் விருந்தினர்களுக்காக மீன்வளத்துறையினர் பந்தல் போட்டிருந்தார்கள். அணையில் விட வந்த கட்லா, ரோகு குஞ்சுகள் பாலிதீன் பைகளில் வேனுக்குள் கிடந்தன. விருந்தினர்கள் வந்து சேர உச்சிவேளையாகிவிட்டது. அதுவரை வேன் வெயிலிலேயே நின்றது.

பைகளை மதகுப் படிக்கட்டுக்குத் தூக்கிப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே நின்ற துறை அதிகாரியிடம் போனேன்.

"சார், பையை அவுக்காம அரை மணி நேரம் தண்ணியில மிதக்க விடுங்க. பைத் தண்ணிச் சூடும் அணைத் தண்ணிச் சூடும் சமமாகாம கொட்டுனா அம்புட்டும் செத்துப்போகும்."

"மீன் விக்கிறவுகதானே நீங்க? ஓரமா நில்லுங்க. போட்டோ எடுக்கணும்."

எடுத்தார்கள். சிரித்துக்கொண்டே பைகளைக் கவிழ்த்தார்கள். அந்த இடம் ஆழம். குஞ்சுகள் ஒளிய ஒரு பாசிகூடக் கிடையாது. கார்கள் கிளம்புவதற்குள் வெள்ளை வயிறுகள் மேலே வந்துவிட்டன. நீர்க்காகங்கள் இறங்கின.

விருந்தினர்களும் அதிகாரியும் போனபின், வேனில் இன்னும் நாலு பைகள் மிச்சம் இருந்தன. அவற்றையும் கொட்ட டிரைவர் எழுந்தார். நான் வேன் கதவை மறித்து நின்றேன்.

"அக்கா, எனக்கு நேரமாகுது."

"ஆகட்டும். இதையும் சாகடிச்சிட்டுத்தான் போவீகளா?"

அவர் மறுபடியும் சீட்டில் போய் உட்கார்ந்தார். பரிசல்காரத் தம்பியும் நானும் பைகளை மேற்குக் கரைக்குச் சுமந்தோம். அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான், கோரை அடர்ந்திருக்கும். கருவேல நிழலில் பைகளை மிதக்கவிட்டுக் காத்திருந்தோம். பிறகு வாயை அவிழ்த்து, அணைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டோம். குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறிக் கோரைக்குள் புகுந்தன.

மறுநாள் மதகோரம் நாறியது. மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தேன். அதே அதிகாரி அதைப் படித்துவிட்டு, "அணைத் தண்ணி சரியில்லம்மா" என்றார்.

"அதே தண்ணியிலதான் சார் நாங்க விட்ட குஞ்சும் நீந்துது. வந்து பாருங்க."

அவர் வரவில்லை.

அடுத்த முறை குஞ்சுகள் விடியற்காலையில் வந்தன. பந்தல் இல்லை. வேலையாட்கள் பைகளைக் கோரைப் பக்கம் மிதக்கவிட்டுக் காத்திருந்தார்கள். யார் சொல்லி அப்படிச் செய்தார்கள் என்று தெரியாது. ஆனால் முதலில் கொட்டவிட்டுச் சாகடித்த அதிகாரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.